காலைப் பிடித்துக்கொள்ளும் பெடல்!

"ஏம்மா, சைக்கிளையும் காலையும் சேர்த்துக் கட்டிக்கிட்டா ஓட்டுவீங்க?"

மாம்பழச்சாலை சிக்னலில் விழுந்து கிடந்த என்னைத் தூக்கிவிட்ட ஆட்டோக்காரர் கேட்ட கேள்வி இது. பால்காரர், பேப்பர் போடும் பையன், பள்ளிக்கூட வேனில் இருந்த குழந்தைகள் என்று அத்தனை பேரும் பார்க்க, நின்ற இடத்திலேயே மரம் சாய்வதுபோலச் சாய்ந்துவிட்டேன். எனக்கு வயது நாற்பத்தேழு. எந்த வண்டியும் என்மேல் மோதவில்லை. என் கால்தான் என் சொல்லைக் கேட்கவில்லை!

ஆட்டோக்காரர் கேட்டதில் தப்பில்லை. உண்மையிலேயே கட்டிக்கொண்டுதான் ஓட்டினேன். அந்தக் கதையையும், விழுந்து எழுந்து நான் கற்றுக்கொண்டதையும் சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது நம்மூர்ப் பெண்களில் பலர் கியர் சைக்கிள் வாங்கி அதிகாலையில் கிளம்பிவிடுகிறார்கள். யாருக்காவது உபயோகப்படும்.

சைக்கிள் வந்த கதை

எனக்குப் பிறந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர்ப் பக்கம். சின்ன வயசில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குள்ளே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துத்தான் பழகினேன். 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குப் பெரிய ஆதரவு. லேடீஸ் சைக்கிள் போதாமல், ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். எங்கள் சின்னம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கற்றுக்கொண்டாள். நான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தபின் சைக்கிளை மறந்தே போனேன். நினைக்க வைத்தது சர்க்கரை. நான்கு வருஷத்துக்கு முன் வெறும் வயிற்றில் 118 காட்டியது. "இன்னும் வியாதி இல்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறது" என்றார் டாக்டர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், என் மாமியார். சர்க்கரையால் ஆறாத புண் வந்து, அவர் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் காலுக்கு மாசக்கணக்கில் கட்டு மாற்றியவள் நான்.

நடக்கலாம் என்றால் எனக்குக் குதிகால் வலி. அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், தன் பழைய கியர் சைக்கிளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்கம்பக்கத்துத் தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். ஒரு வருஷத்தில் சர்க்கரை 99-க்கு இறங்கியது. சைக்கிளால் மட்டும் என்று சொல்லமாட்டேன். ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கினேன்.

பெயர்க் குழப்பம்

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் பெடலிலிருந்து கால் வழுக்கி, பெடலின் பல் முன்னங்காலைக் கீறிவிட்டது. போனில் மகளிடம் சொன்னேன். பத்தாம் நாள் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு ஜோடி ஷூ, ஒரு ஜோடி பெடல், இரண்டு சின்ன இரும்புத் தகடுகள்.

இதற்கு 'க்ளிப்லெஸ் பெடல்' என்று பெயர். க்ளிப் இல்லாதது என்று அர்த்தம். ஆனால் காலை வைத்தால் 'க்ளிக்'கென்று மாட்டிக்கொள்கிறது! இது என்ன வேடிக்கை என்று மகளைக் கேட்டேன். முன்பெல்லாம் பந்தயக்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு கூண்டு வைத்து, அதற்குள் காலை நுழைத்து வாரால் இறுக்குவார்களாம். அந்தக் கூண்டுக்குத்தான் 'க்ளிப்' என்று பெயர். கூண்டு போனதால் இது 'க்ளிப்லெஸ்'.

பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸை மாட்டும் விசை உண்டல்லவா? அதைச் செய்து வந்த 'லுக்' என்ற பிரெஞ்சுக் கம்பெனிதான் 1984-இல் அதே யோசனையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே பெர்னார் ஈனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தார். 1990-இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 'எஸ்.பி.டி.' என்ற சின்னத் தகடு வகையைக் கொண்டுவந்தது. எனக்கு வந்தது இந்த வகைதான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பந்தய வகையில் தகடு பெரிசு, பிளாஸ்டிக். மூன்று திருகாணி போட்டு ஷூவின் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். நடந்தால் வாத்து நடைதான்! எஸ்.பி.டி.யில் தகடு சின்னது, இரும்பு. இரண்டே திருகாணி. ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கிவிடும். வழியில் இறங்கிக் காய்கறி வாங்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் சௌகரியம். ஒரு பக்கம் சாதாரணப் பெடலாகவும், மறுபக்கம் மாட்டும் பெடலாகவும் இருப்பதும் கிடைக்கிறது. புதிதாகப் பழகுபவர்களுக்கு அது உத்தமம்.

பெடல் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

பழைய பெடலைக் கழற்ற என் கணவர் உட்கார்ந்தார். வலது பக்கம் உடனே வந்துவிட்டது. இடது பக்கத்தில் அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். முகம் சிவந்து போச்சு. கடைசியில் தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

"சார், நீங்க கழட்டலை. இறுக்கிக்கிட்டு இருக்கீங்க. இடது பக்கம் மரை தலைகீழ்."

மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்று விழாமலிருக்க, இடது பெடலுக்கு மட்டும் எதிர்மரை வைத்திருக்கிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபமான வழி: எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்பக்கமாக நிறுத்தி, முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும்.

பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் அல்லது 6, 8 மி.மீ. அல்லன் கீ வேண்டும். புதுப் பெடலின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் துருப்பிடித்து, பிறகு கழற்ற அந்தப் பெரியவராலும் முடியாது. முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் கிராங்கே வீணாகிவிடும்.

தகடு எங்கே இருக்க வேண்டும்?

இதுதான் முக்கியம். இதில் செய்த தப்புக்குத்தான் நான் பிறகு அனுபவித்தேன்.

ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டையும், சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டையும் விரலால் தடவிப் பார்த்து, ஷூவின் இரு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். தகட்டின் நடுப்பாகம் இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரவேண்டும். சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக இருந்தால் பாதகமில்லை. ரொம்ப முன்னால் போனால் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்காலும் இழுக்கும்.

அடுத்தது தகட்டின் கோணம். ஒரு மேஜைமேல் உட்கார்ந்து காலைச் சும்மா தொங்கவிட்டுப் பாருங்கள். சிலருக்குப் பாதம் நேராக இருக்கும். சிலருக்கு விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். உங்கள் பாதம் எப்படி நிற்கிறதோ அப்படியே பெடலிலும் நிற்கும்படி தகட்டைத் திருப்ப வேண்டும். விரல்கள் வெளியே பார்ப்பவர்கள் தகட்டின் மூக்கைச் சற்றுக் கட்டைவிரல் பக்கம் திருப்பிப் பூட்டவேண்டும்.

திருகாணிகளை 4 மி.மீ. அல்லன் கீயால் நன்றாக இறுக்குங்கள். இவை தளர்ந்தால் ஆபத்து. நீங்கள் குதிகாலைத் திருப்பும்போது தகடு ஷூவோடு திரும்பாமல் பெடலிலேயே நின்றுவிடும். கால் வெளியே வரவே வராது! அப்படி ஆனால் பதறாமல் ஷூவின் பட்டையை அவிழ்த்துக் காலை மட்டும் உருவிக்கொள்ளலாம்.

பெடலின் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கும். பிடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். 3 மி.மீ. அல்லன் கீயால் மைனஸ் குறி பக்கம் திருப்பி, முதலில் மிகக் குறைந்த பிடிப்பில் வையுங்கள். இரண்டு பெடலிலும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

தகட்டிலும் இரண்டு தினுசு உண்டு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் எஸ்.எச்.51. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். எஸ்.எச்.56 என்று தனியாகக் கிடைப்பது, மேலே வெடுக்கென்று இழுத்தாலும் கழன்றுவிடும். பயந்தவர்கள் இதை வாங்கிக்கொள்ளலாம்.

நின்ற இடத்தில் சவாரி

போர்ட்டிகோவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழகினேன். பாதத்தின் முன்பக்கத்தைப் பெடலில் நுழைத்துக் கீழே அழுத்தினால் 'க்ளிக்'. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் 'டக்'. ஒவ்வொரு காலுக்கும் முப்பது தடவை.

மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். "நின்ன எடத்துலயே ஓட்டறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு காசு?" என்றார். நானும் சிரித்தேன். அடுத்து ஒரு புல் மைதானத்தில் நாலு நாள் பழகவேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எனக்குப் பொறுமையில்லை. மறுநாளே சாலைக்குப் போய்விட்டேன்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. இடது காலைச் சரியாகத்தான் கழற்றினேன். ஆனால் நின்ற இடத்தில் வலது பக்கம் சின்னப் பள்ளம். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அந்தக் கால் பூட்டியே இருக்கிறது. திருப்பவேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, கால் பழைய வழக்கப்படி மேலேயே இழுக்கிறது. பக்கத்தில் நின்ற ஆட்டோவில் தோள் இடித்து, முழங்கை தேய்ந்து, கீழே கிடந்தேன். அந்த ஆட்டோ நகர்ந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

முழங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்தாகிவிட்டது. வெட்கத்துக்குத்தான் மருந்தில்லை.

முழங்கால் வலி

இரண்டு வாரம் சமாளித்து ஓட்டினேன். பிறகு வலது முழங்காலின் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. கணவர் கோபமே படமாட்டார். அன்று பட்டுவிட்டார்.

"போதும். ஷூவைத் தூக்கிப் பரண்மேல போடு. சைக்கிளும் வேணாம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வீட்டுல யார் பார்க்கிறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பயத்தில்தான் பேசினார் என்பதும் தெரிந்தது. அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அப்போது கூடத்திலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஏண்டா, என் காலுல ரெண்டு வெரலை எடுத்தப்ப நீதானே ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதே? அவ காலாவது ஓடட்டும், விடு. வலிச்சா எதனாலன்னு பாரு. பரண்மேல போடறது வைத்தியமா?"

இருபத்திநாலு வருஷத்தில் எனக்காக அவர் மகனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கணவரே ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கூட்டிப் போனார். அவர் என்னை மேஜையில் உட்காரவைத்துக் காலைப் பார்த்தார். என் இடது பாதம் நேராக இருக்கிறது, வலது பாதம் இயற்கையிலேயே வெளிப்பக்கம் பார்க்கிறது. நானோ இரண்டு தகட்டையும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் பூட்டியிருந்தேன்! ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் சுற்றுக்கு மேல் மிதிக்கிறோம். அத்தனை தடவையும் முழங்காலை முறுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

பத்து நாள் ஓய்வு. வலது தகட்டின் மூக்கைக் கொஞ்சம் உள்ளே திருப்பினோம். சீட்டையும் சரி பார்த்தோம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நீண்டு நேராக வேண்டும். அப்போதுதான் ஓட்டும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். பதினோராம் நாள் தெருவைச் சுற்றினேன். வலி இல்லை.

அவர் சொன்ன கணக்கை எழுதி வைத்திருக்கிறேன்: முழங்காலுக்கு முன்னால் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்னால் வலித்தால் சீட் உயரம். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் முதலில் தகட்டின் கோணத்தைப் பாருங்கள். சரி செய்தும் வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியவை

1. நிற்பதற்கு முன்பே கழற்றுங்கள். முப்பது அடி முன்னாலேயே, பெடல் கீழே வரும்போது குதிகாலைத் திருப்பிவிடுங்கள். பிரேக் அதற்குப் பிறகுதான்.

2. சாலையின் இடது ஓரம் நமது பக்கம். ஆகவே எப்போதும் இடது காலையே கழற்றி, உடம்பையும் இடது பக்கமே சாயுங்கள். நெரிசலில் இரண்டு காலையும் கழற்றிவிட்டால் தப்பில்லை.

3. விழும்போது கையை ஊன்றாதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சாய்ந்தால் சிராய்ப்போடு போகும். ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம். மாதவிடாய் நின்றபின் நம் எலும்பு பலம் குறைகிறது என்பதை மறக்க வேண்டாம். எலும்புத் தேய்மானம், தலைசுற்றல், மூட்டு ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

4. சர்க்கரையால் பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் இறுக்கமான ஷூ போடலாகாது. கடித்தாலும் தெரியாது. ஓட்டி வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள்.

5. துப்பட்டா வேண்டவே வேண்டாம். செயினில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. சுடிதார் கால்பாகத்தையும் கட்டிக்கொள்ளுங்கள்.

6. இந்த ஷூவோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். வாசலிலேயே கழற்றிவிடுங்கள். நான் ஒருநாள் மறந்துபோய், போட்ட கோலத்தையே மிதித்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்!

7. முதல் வாரம் கழித்துத் திருகாணிகளை மறுபடி இறுக்குங்கள். சேற்றில் போனால் துடைத்து, பெடலின் ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கால் தானாகவே கழன்று வர ஆரம்பித்தால் தகடு தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும்.

யாருக்கு வேண்டும்?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. கடைக்கும் கோவிலுக்கும் போய்வர சாதாரணப் பெடலே போதும். இதை மாட்டினால் பறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண வேகத்தில் ஓட்டும்போது சக்தி ஒன்றும் பெரிதாக மிச்சமாவதில்லை என்றுதான் ஆராய்ந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மழையிலும் மேட்டிலும் கால் வழுக்காது, நீண்ட தூரத்தில் பாதம் இடம் மாறாது. எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். தூரம் போகிறவர்களுக்கு அது பெரிய லாபம்.

போன மாசம் நாங்கள் ஐந்து பேரும் முக்கொம்பு போனோம். காவேரிப் பாலம் தாண்டி, அண்ணா சிலையில் திரும்பி, குடமுருட்டி, ஜீயபுரம் வழியாக, கொள்ளிடம் பிரியும் இடம்வரை. போய்வர முப்பது கிலோமீட்டருக்கு மேல். போகும் வழியில் அதே மாம்பழச்சாலை சிக்னல். அதே சிவப்பு. முப்பது அடிக்கு முன்னாலேயே இடது கால் 'டக்'கென்று கழன்றது. நான் நினைத்துச் செய்யவில்லை. காலே செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்து வாசலில் ஷூவைக் கழற்றினேன். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் பாதத்தைத் தன் மடிக்கு இழுத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, நல்லாருக்கு. போய்க் குளி" என்றார்.

அன்றைக்கு இட்லி ஊற்றியது என் கணவர்.